புளியமரத்து ஆணி

எனக்குப் பேய்ப்படம் என்றால் உயிர். சர்ச்சுக்குப் போகிறவள் இதைச் சொல்லக் கூடாதுதான். எங்கள் பாஸ்டர் ஜெபக்குமார் இதற்காகவே ஒரு ஞாயிறு முழுக்கப் பிரசங்கம் செய்தார். செய்யும்போது அடிக்கடி என் பக்கமே பார்த்தார். பார்க்கட்டும். வாரம் முழுக்க ஓவர்லாக் மிஷின் முன்னால் குனிந்து கழுத்து இற்றுப்போகிறவளுக்கு, லீவு நாளில் இன்னொருத்தியின் கழுத்தைப் பேய் நெரிப்பதைப் பார்க்க உரிமை இல்லையா? அதிலும் சித்திரை, வைகாசியில் பேய்ப்படத்தை விட மாட்டேன். திருப்பூர் வெயிலில் சிமெண்ட் சீட்டுக் கூரைக்குள் வேகுவதைவிடத் தியேட்டர் ஏசியில் நடுங்குவது மேல். அந்த நடுக்கத்தில் பாதி பயத்துக்கு, பாதி ஏசிக்கு.

என் பெயர் ரோஸ்மேரி. சொந்த ஊர் உடன்குடிப் பக்கம். நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். ஆனால் நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை, ஒச்சாயியைப் பற்றி. நாங்களெல்லாம் பயப்படுவதற்காகப் பேயைத் தேடிப் போனோம். பயந்து முடித்ததும் டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். ஒச்சாயி பேயைத் தேடியது வேறு காரணத்துக்கு. செத்துப்போன மகளை அவளுக்கு ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டியிருந்தது.

மகள் பெயர் வேல்விழி. எனக்குக் கைமடியாக இருந்தவள். நான் தைத்துத் தள்ளுகிற பீஸைப் பக்கத்தில் நின்று வாங்கி மடித்து அடுக்குகிறவளைத்தான் கைமடி என்போம். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண், பதினெட்டு முடிந்திருந்தது. முடி முழங்காலைத் தொடும். வேலை நேரத்தில் அதைச் சுற்றிக் கொண்டை போட்டு வலை மாட்டிக்கொள்வாள்.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷத்துக் கோடையில் கரண்ட் எங்களை ஆட்டிப் படைத்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து கை கழுவும்போது போகும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஷிப்மெண்ட் அவசரம் இருந்தால்தான் முதலாளி ஜெனரேட்டரைப் போடுவார். டீசலைப் பன்னீர் தெளிக்கிற மாதிரி செலவழிப்பவர். மற்ற நாளில், "கரண்ட் வர்ற வரைக்கும் செத்த உக்காருங்க கண்ணு" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் அறைக்குள் போய் விசிறிக்கொண்டிருப்பார். நாச்சிமுத்து முதலாளியைக் கெட்டவர் என்று அன்றைக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டோம். பரம்பரை நெசவுக் குடும்பம். தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடி எடுக்கிறவர். கைமடிப் பெண்களிடம்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவார்.

அந்த மத்தியானங்களில்தான் வேல்விழி கதை சொல்வாள். ஜன்னல்களைச் சாத்தி, வெயிலை வெளியே நிறுத்தி, துணிப் பொதிகளின் மேல் நாங்கள் சாய்ந்து உட்கார்ந்ததும் கொண்டையை அவிழ்த்துவிடுவாள். அதற்கு மேல் ஒரு பேய்க்கு மேக்கப் தேவையா? கேபிளில் பார்த்த படம், பஸ்ஸில் கேட்ட கதை, அவளே கட்டிவிட்டது எல்லாம் கலந்து அடிப்பாள். பக்கத்து ஊர் செக்கிங் பெண் சத்யப்பிரியா கதை ஆரம்பிக்கும் முன்பே என் கையைப் பிடித்துக்கொள்வாள். முடிந்ததும், "இன்னொண்ணு சொல்லுங்க" என்று முதலில் கேட்பவளும் அவள்தான்.

வேல்விழியின் பேய்களுக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. "அல்பாயுசுல செத்தவுக செத்த எடத்த விட்டுப் போக மாட்டாக. உச்சி வெயில்லதான் நடமாட்டம். யாரு மேல ரொம்பப் பிரியமோ அவுக கண்ணுக்குத்தான் தெரிவாக" என்பாள். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்போம். சீக்கிரம் கரண்ட் வரக் கூடாதே என்றுகூடச் சில நாள் நான் நினைத்ததுண்டு.

எங்கள் கம்பெனியில் பவர் டேபிள். நீளமான மேஜை, இரண்டு பக்கமும் மிஷின்கள், மேஜைக்கு அடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே இரும்புத் தண்டு. மோட்டார் தண்டைச் சுற்றும். தண்டிலிருந்து பெல்ட்டுகள் எல்லா மிஷின்களையும் சுற்றும். தண்டுக்கு மூடித் தகடு ஒரு காலத்தில் இருந்தது. பெல்ட் அறுந்தால் மாட்டுவதற்குத் தொந்தரவு என்று கழற்றி மொட்டைமாடியில் போட்டுவிட்டார்கள். நாங்களோ பீஸ் ரேட்டுக்காரிகள். கரண்ட் வந்த பிறகும் மிஷின் சும்மா நின்றால் எங்களுக்கு வயிறு எரியும். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஸ்டார்ட்டரின் பச்சைப் பட்டனை அமுக்கி, அது வெளியே வராதபடி வேஸ்ட் துணியை மடித்துச் செருகிவிடுவோம். கரண்ட் வந்த நொடியே தண்டு தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். யார் செருகுவார்கள் என்று கணக்கில்லை. எல்லோரும் செருகுவோம், யாரும் எடுக்க மாட்டோம்.

அன்றைக்கு அவள் சொன்னது பவர் டேபிளுக்கு அடியில் குடியிருக்கும் ஒரு கைமடிப் பேயின் கதை. காலைப் பிடித்து இழுக்குமாம். எங்களையெல்லாம் டேபிளைச் சுற்றி ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடச் சொன்னாள். மூடினோம். டேபிளுக்கு அடியில் அவள் தவழ்ந்து வருகிற சலசலப்பு கேட்டது. யாரோ சிரிப்பை அடக்கினார்கள். முதலில் சத்யப்பிரியாவின் காலைப் பிடித்திருக்க வேண்டும். அவள் வீலென்று கத்தினாள். அந்த நேரத்தில் பளிச்சென்று டியூப்லைட் எல்லாம் எரிந்தது. மின்விசிறி சுற்றியது, ரேடியோ பாடியது. கரண்ட் வந்துவிட்டது என்று எல்லோரும் ஹோவென்று கத்தினோம். வேல்விழியும் கத்தினாள். என்னமாய் நடிக்கிறாள் என்று நாங்கள் கைதட்டினோம்.

அதற்கு மேல் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. முடி மொத்தமும் தண்டில் சுற்றிக்கொண்டது. மெக்கானிக் ஓடி வந்து மோட்டாரை நிறுத்தியபோது எல்லாம் முடிந்திருந்தது. போலீஸ் வருவதற்குள் ஸ்டார்ட்டரில் செருகியிருந்த துணியைக் காணோம்.

"ஏனுங்க, புள்ள எதுக்குங்க டேபிளுக்கு அடியில போகோணும்? பேய் வெளையாட்டு வெளையாடற எடமுங்களா இது?" என்று முதலாளி ஒவ்வொருவரிடமாகக் கேட்டார். கண் கலங்கித்தான் கேட்டார். மொட்டைமாடியில் கிடந்த தகடு எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தால் மறுநாள் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும் என்பதும் ஞாபகம் வந்தது.

ஊருக்குப் போய்க் காரியத்தை முடித்த கையோடு ஒச்சாயி எங்கள் கம்பெனிக்கே வேலை கேட்டு வந்தாள். அதுவரை வேறொரு கம்பெனியில் நூல் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தவள். கணவர் பெரியகருப்பன் சாயப்பட்டறை வேலையை விட்டுவிட்டு ஊரோடு தங்கிவிட்டார். இவளுக்கு என்ன பைத்தியமா, மகளைத் தின்ற இடத்தில் வந்து நிற்கிறாளே என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். முதலாளியால் மறுக்க முடியவில்லை. வேல்விழி நின்ற இடத்தில், என் பக்கத்திலேயே நிறுத்தினார்.

"வாடி போவோம்னுதான் அவரு கூப்புட்டாரு. புள்ளைய ஒத்தையில விட்டுப்புட்டு நான் எங்கிட்டுப் போறது?" என்றாள் என்னிடம். ஏதோ விடுதியில் படிக்கிற மகளைப் பற்றிப் பேசுகிறவள் மாதிரி சொன்னாள். செத்துப்போனாள் என்ற சொல் அவள் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை.

கரண்ட் மட்டும் வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தது. இப்போது யாரும் கதை சொல்வதில்லை. வெளிச்சம் வேண்டும் என்று ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு, வெக்கையில் ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்போம். அப்படி ஒரு மத்தியானம் ஒச்சாயி என் பக்கத்தில் நகர்ந்து வந்தாள்.

"ஏத்தா ரோசு, எம்புள்ள பேய்க்கதை நல்லாச் சொல்லுவாளாமே?"

"ஆமாக்கா. நல்லாச் சொல்லுவா."

"எங்கிட்டயும் சொல்ல வருவா. வேலை கெடக்கு, போடி அங்கிட்டுன்னு வெரட்டி விட்டுருவேன். என்னென்ன சொன்னா, எனக்குச் சொல்லுத்தா."

மறுக்க எனக்கு மனசு வரவில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னேன். மகள் எங்கே நிறுத்துவாள், எங்கே குரலைத் தாழ்த்துவாள், எங்கே கண்ணை உருட்டுவாள் என்றெல்லாம் கேட்டுக் கேட்டு வாங்கினாள். அல்பாயுசுக்காரர்கள் செத்த இடத்தை விட்டுப் போக மாட்டார்கள் என்ற இடம் வந்ததும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவளே சொன்னாளா?"

"சும்மா கதைக்குச் சொன்னதுக்கா."

"யாரு மேல பிரியமோ அவுகளுக்குத் தெரிவாகன்னும் அவளே சொன்னாளா?"

ஆமாம் என்றேன். அவள் டேபிளுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். வாசலில் பிள்ளை வருகிறதா என்று எட்டிப் பார்க்கிற தாயின் பார்வைதான் அது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு தியேட்டருக்கும் வர ஆரம்பித்தாள். அந்தக் கோடையில் பேய்ப்படங்களுக்குக் குறைவில்லை. தமிழில் எடுத்தது, தெலுங்கிலிருந்து வந்தது, ஊர் பேர் தெரியாத வெள்ளைக்காரப் பேய் என்று வரிசை கட்டி வந்தன. எல்லோரும் கண்ணைப் பொத்துகிற இடத்தில் ஒச்சாயி சீட் நுனிக்கு வந்துவிடுவாள். "இந்தப் புள்ள செத்து எம்புட்டு நாள் கழிச்சு வருது?" "வெள்ளிக்கெழமைதான் வருமா?" "தானா வந்துச்சா, கூப்புட்டு வந்துச்சா?" என்று என்னைக் குடைந்துகொண்டே இருப்பாள். பரீட்சைக்குப் படிப்பவள்கூட அவ்வளவு கவனமாக இருக்க மாட்டாள். முன்சீட்டுக்காரர்கள் திரும்பி முறைப்பார்கள். அவர்களை நான் முறைப்பேன்.

ஒரு படத்தின் முடிவில் மந்திரவாதி பேயை நெருப்பில் போட்டு எரித்தார். பேயாக நடித்த பெண் கதறக் கதற, தியேட்டரே விசிலடித்துக் கைதட்டியது. பழக்க தோஷத்தில் நானும் கையைத் தூக்கினேன். பக்கத்தில் ஒச்சாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"எதுக்குத்தா கைதட்டுறாக? அந்தப் புள்ளைக்கும் ஒரு ஆத்தா இருப்பாள்ல?"

அன்றோடு எனக்குப் பேய்ப்படம் கசந்துவிட்டது. இருந்தாலும் அவளுக்காகப் போனேன்.

இன்னொரு படத்தில் பேய் கண்ணாடியில் மட்டும்தான் தெரிந்தது. மறுநாளே ஒச்சாயி வேல்விழியின் வட்டக் கண்ணாடியைக் கொண்டுவந்து, டேபிளுக்கு அடியில், அது நடந்த இடத்துக்குப் பக்கத்தில் டேபிள் காலோடு சாய்த்து வைத்தாள். முன்னால் கொஞ்சம் கனகாம்பரம். கரண்ட் போனதும் அந்தப் பக்கமாகத் தரையில் உட்கார்ந்து, வாய்க்குள்ளேயே ஏதோ பேசுவாள். இன்றைக்கு என்ன குழம்பு, அப்பா போன் பண்ணினார், பக்கத்து வீட்டுக்காரி தண்ணீருக்குச் சண்டை போட்டாள் என்று எல்லாம் ஒப்பிப்பாள். நான் பார்த்தும் பாராமல் இருந்தேன். யாருக்கு என்ன நஷ்டம்?

ஒருநாள் சத்யப்பிரியா கீழே விழுந்த பீஸை எடுக்க அந்தப் பக்கம் குனிந்துவிட்டாள். இருட்டில் கலைந்த முடியும் ஒற்றைக் கண்ணும் அவளையே பார்த்தனவாம். அலறி விழுந்தவளைத் துணிப்பொதி மேல் கிடத்தித் தண்ணீர் தெளித்தோம். எல்லோரையும் தள்ளிக்கொண்டு ஒச்சாயி வந்தாள்.

"பாத்தியாத்தா? எம்புள்ளயப் பாத்தியா?"

"ஐயோ, நெசமாலுமே பாத்தனுங்க. கண்ணு மட்டுந்தானுங்க. என்னையவே பாத்துச்சுங்க."

"மொகம் எப்புடி இருந்துச்சு? வாடிப்போயி இருந்துச்சா? சாப்புட்ட மொகமா?"

சத்யப்பிரியா பயத்தில் அழ ஆரம்பித்தாள். ஒச்சாயி அவள் கால்மாட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு என்னிடம் வந்து, "பெத்தவ ஒருத்தி பக்கத்துலயே கெடக்கேன். ஊரார் புள்ளைக்கு மொகத்தக் காட்டுறா. எம்மேல என்ன கோவம் ரோசு அவளுக்கு? வெரட்டி விட்டதுக்கா?" என்றாள்.

அது சத்யப்பிரியாவின் கண்தான் அக்கா, நீங்கள் வைத்த கண்ணாடியில் தெரிந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைக்கு நடுவிலும் ஒச்சாயியின் முகத்தில் ஒரு தெளிச்சல் இருந்தது. மகள் இங்கேதான் இருக்கிறாள் என்ற தெளிச்சல். நான் வாயை மூடிக்கொண்டேன்.

வேல்விழி நடமாடுகிறாள் என்ற பேச்சு ஒரே வாரத்தில் நல்லூர் முழுக்கப் பரவியது. பயப்படக் காசு கொடுத்துத் தியேட்டருக்குப் போன அதே பெண்கள் இப்போது வேலைக்கு வரப் பயந்தார்கள். பாதி டேபிள் காலியானது. ஷிப்மெண்ட் நெருங்க, முதலாளிக்கு முகம் கறுத்தது. கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை உச்சி வேளைக்குப் பல்லடம் பக்கத்திலிருந்து ஒருத்தர் வருவதாக ஏற்பாடு செய்தார்.

"உடுக்கை அடிக்கிறவராக்கும்?" என்று ஒச்சாயி கேட்டாள். ஆமாம் என்றார்கள்.

அவ்வளவுதான், அவளைப் பிடிக்க முடியவில்லை. அவள் ஊரில் உடுக்கை அடிக்கிறவர் என்றால் கோடாங்கி. செத்தவர்களை அழைத்துப் பேச வைப்பவர். செத்து முப்பது கழிந்த வீட்டில் கோடாங்கி உட்கார்ந்து உடுக்கை அடித்தால், போன உயிர் யார் மேலாவது இறங்கி, எனக்கு இன்ன குறை, இன்னது வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லும். பெற்றவள் கட்டிப்பிடித்து அழுவாள். கேட்டதைக் கொடுத்து அனுப்பிவைப்பார்கள். முதலாளி தன் மகளைப் பேசவைக்கத்தான் ஆள் கூட்டி வருகிறார் என்று ஒச்சாயி நினைத்துக்கொண்டாள். "எம்புட்டு நல்ல மனுசன் பாரேன்" என்று அவரைப் பார்த்துக் கும்பிடக்கூடச் செய்தாள். எங்கள் ஊர்ப் பக்கம் வழக்கம் வேறு. எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியிருந்தால் அவளை அன்றைக்கு வீட்டில் வைத்துப் பூட்டியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை அவள் தலைக்குக் குளித்து, மகளுக்கு ஒரு புதுச் சுடிதார், சீனிப் பணியாரம் எல்லாம் கொண்டுவந்தாள். கூடவே ஒரு பவுடர் டப்பா. தண்டிலிருந்து மெக்கானிக் அறுத்து எடுத்த முடியை அதில் சுருட்டி வைத்திருந்தாள். அது அவளிடம் இருப்பது அதுவரை எனக்கே தெரியாது.

வந்தவர் கூடத்தின் நடுவில் கோலமிட்டு, எலுமிச்சம்பழம் வைத்து உட்கார்ந்தார். "செத்த புள்ளையோட பொருள் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார். ஒச்சாயி சிரித்த முகத்தோடு டப்பாவைத் திறந்து நீட்டினாள். முடியைப் பார்த்ததும் அவருக்கும் திருப்தி. உடுக்கை ஆரம்பித்தது. ஒச்சாயி இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு, எந்தப் பெண் மேல் மகள் இறங்கப் போகிறாள் என்று எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"வந்துட்டியா?" என்று அவர் அதட்டினார்.

"வந்துட்டியாத்தா? சாப்புட்டியா?" என்று ஒச்சாயி கேட்டாள்.

யாரும் ஆடவில்லை, யாரும் பேசவில்லை. அவர் முடியை மஞ்சள் நூலால் இறுக்கிக் கட்டினார். நீளமான ஆணி ஒன்றில் சுற்றினார். விறுவிறுவென்று எழுந்து, கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் நின்ற புளியமரத்துக்குப் போனார். எல்லோரும் பின்னால் போனோம். முதல் அடி விழும் வரைக்கும் ஒச்சாயிக்குப் புரியவில்லை. இரண்டாவது அடியில் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

"சாமி, அவ இன்னும் பேசலையே! பேச விடாம அடிக்கிறீகளே! என்ன வேணும்னு கேக்கலையே சாமி!"

நாலு பேர் சேர்ந்து அவளைப் பிடித்து இழுத்தார்கள். ஆணி முழுசாக உள்ளே போனது. மரத்துக்கு வெளியே கொஞ்சம் முடி மட்டும் தொங்கியது.

"இனி ஒண்ணும் பயமில்லீங்க. எல்லாரும் பொங்கல் சாப்பிட்டுப்போட்டு வேலையப் பாருங்க கண்ணு" என்றார் முதலாளி. அடுத்த நாள் டேபிள் நிறைந்துவிட்டது. மரத்தில் ஒரு ஆணி அடிக்கப் பல்லடத்திலிருந்து ஆள் வந்தது. மொட்டைமாடியில் கிடந்த தகட்டுக்கு நாலு ஆணி அடிக்க மட்டும் கம்பெனியில் ஆள் இல்லை. எனக்கு அன்று வந்த ஆத்திரத்தில் ஊசி மூன்று தடவை ஒடிந்தது.

ஒச்சாயி சாப்பாட்டை விட்டுவிடுவாள், ஏதாவது செய்துகொள்வாள் என்று பயந்து அவளை என் வீட்டிலேயே படுக்க வைத்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வேலைக்கு வந்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள். காலையில் கேட்டுக்குள் நுழையும்போதும் சாயங்காலம் போகும்போதும் அந்த ஆணியை உள்ளங்கையால் ஒருமுறை தடவுவாள்.

"வரணும்னுதான் கெடந்து தவிப்பா. கட்டிப்போட்டுட்டாகள்ல, எப்புடி வருவா?" என்பாள். மகள் தன்மேல் கோபத்தில் வராமல் இல்லை, கட்டிப்போட்டதால்தான் வரவில்லை என்பது அவளுக்குச் சோறு இறங்கப் போதுமானதாக இருந்தது. கிட்டத்தட்ட ஒரு வருஷம் அவளை உயிரோடு வைத்திருந்தது அந்த ஆணிதான் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த சித்திரையும் வந்தது. கரண்ட் மறுபடி போக ஆரம்பித்தது. புதிதாக வந்த பெண்கள் துணிப்பொதி மேல் சாய்ந்துகொண்டு பேய்க்கதை பேசினார்கள். அந்தக் கதைகளில் ஒன்றில் வேல்விழி வந்தாள், பெயரைக்கூட மாற்றிவிட்டிருந்தார்கள். கேட்டுக்கொண்டிருந்த ஒச்சாயி அன்று சாயங்காலம் மரத்தடியில் நின்று, "ஆணியப் புடுங்கிருவோமா ரோசு?" என்றாள்.

"எதுக்குக்கா? சும்மா கெடக்கட்டும், விடுங்க."

"வருசம் திரும்பப் போகுதுத்தா. எம்புட்டு நாளைக்குப் புள்ளையக் கட்டிப்போட்டு வைக்கிறது? அவுத்து விட்டா ஓடி வந்துருவா."

அவள் விடவில்லை. மெக்கானிக்கிடம் குறடு வாங்கி வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் உடையோடேயே போனேன். கம்பெனி பூட்டியிருந்தது. தார் உருகுகிற வெயில். ரோட்டில் ஈ காக்கை இல்லை. ஒச்சாயி எனக்கு முன்பே வந்து, மடியில் தேங்காய் எண்ணெயும் சீப்பும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆணி துருப்பிடித்து மரத்தோடு மரமாகியிருந்தது. மாற்றி மாற்றி இழுத்தோம். கைத்தோல் உரிந்தது. கடைசியில் கிறீச்சென்று வெளியே வந்தபோது இருவரும் பின்னால் சாய்ந்தோம். பேய்க்கதையில் ஆணியைப் பிடுங்கினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? காற்று சுழற்றி அடிக்கும், மரம் ஆடும், நாய் ஊளையிடும். நான் இயேசப்பா என்று சொல்லிக்கொண்டு கண்ணை இறுக மூடினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தால், ஒரு தெருநாய் நிழல் தேடி வந்து எங்கள் பக்கத்தில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டிருந்தது.

ஒச்சாயி நூலை அவிழ்த்தாள். புழுதியில் நிறம் போயிருந்த முடியை மடியில் போட்டு, எண்ணெய் தடவி, சிக்கெடுத்துச் சீவினாள். "வாத்தா, அவுத்து விட்டாச்சு. இனி யாரும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாக, வா" என்றாள். கேட்டைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு ஐஸ் வண்டிக்காரர் மணி அடித்துக்கொண்டு போனார். வெயில் மரத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்ந்தது. நாங்களும் நிழலோடு நகர்ந்து உட்கார்ந்தோம்.

இயேசப்பா, ஒரே ஒரு தடவை, ஒரு நிழலாகவாவது காட்டிவிடு என்று நான் ஜெபித்தேன். பேய் வர வேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்ட முதல் கிறிஸ்தவள் நானாகத்தான் இருப்பேன். பாஸ்டர் கேட்டால் சர்ச்சை விட்டே தள்ளிவைப்பார். அப்படியும் கேட்டேன், மனசாரக் கேட்டேன். ஒரு இலைகூட அசையவில்லை.

நாய் எழுந்து சோம்பல் முறித்துவிட்டுத் தன் பாட்டுக்குப் போனது. அது போகிற திசையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள் ஒச்சாயி.

"ரோசு."

"சொல்லுங்கக்கா."

"எம்புள்ள செத்துப்போயிட்டாத்தா."

"அக்கா…"

"இங்க இல்லத்தா அவ. எங்கயும் இல்ல. செத்துத்தான் போயிட்டா."

மகளைக் கொண்டுபோன அன்று அழாத அழுகையை அப்போதுதான் அழுதாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். எதிர்ச்சுவரில் வெள்ளிக்கிழமை வரப்போகும் புதுப் பேய்ப்படத்தின் போஸ்டர் ஒட்டியிருந்தது. அதில் தலைவிரி கோலமாக ஒருத்தி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒச்சாயி அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.